அளவுகோல்களின் ஊர்

உடம்பைத் தேற்றிக்கொள்ள மனிதர்கள் மலைக்குப் போவதும் கடற்கரைக்குப் போவதும் உலக வழக்கமே. மழையென்பதையே அறியாத பாலைவனத்துக்கும் போகிறார்கள் என்றால் கேட்பவர் சற்றுச் சந்தேகத்தோடுதான் நம்மைப் பார்ப்பார். ஆயினும் எகிப்து தேசத்தின் தென்கோடியில், கெய்ரோவுக்குச் சுமார் 900 கிலோமீட்டர் தெற்கே, நைல் நதி தன் நெடும் பிரயாணத்தில் வழிமறிக்கும் பாறைகளோடு மல்லுக்கட்டிப் பல கிளைகளாகப் பிரிந்து தீவுகளைச் சுற்றிக்கொண்டு ஓடும் இடத்தில் அமைந்த அஸ்வான் என்னும் ஊருக்கு, ஐரோப்பாவின் பனிக்கு அஞ்சிய சீமான்களும் சீமாட்டிகளும் நூறாண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஆண்டு முழுவதற்கும் சேர்த்து மழை ஒரு மில்லிமீட்டர் பெய்தால் அதிகம். மேற்குக் கரையில் பொன்னிற மணற்குன்றுகள் நீர் விளிம்புவரை இறங்கி வந்து நிற்க, கிழக்குக் கரையில் ஊரும் கடைத்தெருவும் பேரீச்ச மரங்களும் ஒரு மெல்லிய நாடாவாக நீண்டு கிடக்க, இரண்டுக்கும் நடுவே பெலுக்கா என்னும் பாய்மரப் படகுகள் அவசரமில்லாமல் போய் வருகின்றன.

ஓய்வுக்காகவே ஏற்பட்டதுபோல் தோன்றும் இந்த ஊரின் சரித்திரத்தை அறிய அறிய, இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் எதையோ அளக்க வந்தவர்கள் என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டுக்கொண்டே வந்தது.

ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவில், எலிபன்டைன் என்னும் தீவு இருக்கிறது. குனூம் என்னும் ஆட்டுத்தலைத் தெய்வமும் சாத்தெத் என்னும் தேவியும் கோயில் கொண்டிருந்த புராதன ஸ்தலம் அது. அதன் கரையில் பாறையையொட்டிக் குறுகலான ஒரு படிக்கட்டு 90 படிகளாக நதிக்குள் இறங்குகிறது. பக்கச் சுவரில் முழக்கணக்கும் அதன் உட்பிரிவுகளும் கோடு கோடாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழ்ப்படிகளில் நின்று அண்ணாந்து பார்த்தால், வெள்ளம் எந்த ஆண்டில் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த கிரேக்கப் பூகோள ஆசிரியர் ஸ்ட்ராபோ இந்த நீரளவுமானியைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். நம் நாட்டில் ஆடிப்பெருக்கு வரும் பருவத்தை ஒட்டியே எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழையும் புதுப்புனலாக இங்கே வந்து சேரும். காவிரிக்கரையில் நாம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கொண்டாடியதை இவர்கள் முழக்கோலால் அளந்தார்கள். அளந்ததற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. வெள்ளம் ஏறிய உயரத்தைக்கொண்டு விளைச்சலை அனுமானித்து, அதைக்கொண்டு வரியை நிர்ணயித்தார்கள். எகிப்தில் நீர் 12 முழம் ஏறினால் பஞ்சம், 13-ல் பசி, 14-ல் மகிழ்ச்சி, 15-ல் கவலையின்மை, 16-ல் பேரானந்தம் என்று ரோமானிய அறிஞர் பிளினி ஒரு படித்தரம் சொல்லியிருக்கிறார். அதற்கும் மேலே ஏறினால் மறுபடியும் துன்பந்தான். ஒரு தேசத்தின் சுகதுக்கத்தை இவ்வளவு சுருக்கமாக எழுதிய கணக்கு வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே.

நதியை அளந்தவர்களுக்குப் பின் பூமியை அளந்தவர் வந்தார். வந்தார் என்றுகூடச் சொல்லக் கூடாது, அலெக்சாந்திரியாவின் மகத்தான நூல்நிலையத்துக்குத் தலைவராயிருந்த எரட்டோஸ்தனீஸ் இருந்த இடத்திலிருந்தே அதைச் செய்தார். கிரேக்கர்கள் ஸயீனி என்று அழைத்த இவ்வூரில், கோடைக்காலத்தின் மிக நீண்ட பகலில், உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் நின்று, நட்ட கோலுக்கு நிழலில்லாமற் செய்து, கிணற்றின் அடிவரை ஒளி பாய்ச்சுகிறது என்பது அக்காலத்தில் பிரசித்தம். அதே நாளில் அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் கோலின் நிழல் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்குக் கோணம் சாய்ந்திருப்பதைக் கண்ட அவர், இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட 5,000 ஸ்டேடியம் தூரத்தை ஐம்பதால் பெருக்கி, பூமியின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கூறிவிட்டார். அஸ்வான் கடகரேகையின்மீது சரியாக அமைந்ததன்று, சற்று வடக்கே தள்ளியிருக்கிறது. அவருடைய ஸ்டேடியம் இன்றைய கணக்கில் எத்தனை மீட்டர் என்பதிலும் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். ஆனாலும் ஒரு நிழலையும் ஒரு நடைதூரத்தையும் கொண்டு உலகத்தையே கணித்த அந்த யுக்தியில் குற்றம் காண யாராலும் முடியவில்லை.

அளவு தவறாமலிருந்தும் காரியம் தவறிப்போன இடம் ஒன்றும் இங்கே உண்டு. எகிப்தின் பெரிய பிரமிடில் மன்னனின் சவ அறைக்கு வேண்டிய கல்லும், கோயில் வாசல்களில் நின்ற ஒற்றைக்கல் தூண்களும் அஸ்வானின் செந்நிறக் கிரானைட்டிலிருந்து வெட்டியெடுத்துப் படகேற்றிக் கொண்டுபோனவை. அந்தக் கல்வெட்டாங்குழியில், ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன், ஹட்ஷெப்சுத் அரசியின் காலத்தில் தொடங்கியதாகக் கருதப்படும் ஒரு தூண், 42 மீட்டர் நீளத்தில், ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட எடையோடு, தாய்ப்பாறையைவிட்டுப் பிரியாமல் படுத்துக் கிடக்கிறது. அதைச் சுற்றி ஓர் ஆள் குந்தி உட்காரும் அகலத்துக்கு அகழி வெட்டியிருக்கிறார்கள். உளி வேலை செய்யாத அந்தக் கல்லை, டோலரைட் என்னும் அதனினும் கடினமான கல்லுருண்டைகளைக் கையிற்பிடித்து இடித்து இடித்தே பொடியாக்கினார்கள். அகழியின் சுவர்களில் வரிசையாகக் காணப்படும் குழிவுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஆளின் பங்கு. யார் எவ்வளவு ஆழம் இறங்கினார் என்று மேஸ்திரி அளந்து செங்காவியால் போட்ட கோடுகளைக்கூட ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கல்லில் விரிசல் கண்டது. விரிசலைத் தவிர்த்துத் தூணைச் சிறியதாக்கிக் கொள்ளலாமென்று முயன்று, அதுவும் பலிக்காமல், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் தூண்கள் அரசர்களின் பெயரைச் சொல்ல, எழ முடியாத இந்த ஒன்று மட்டுமே வேலை செய்தவர்களைப் பற்றிப் பேசுகிறது.

தேசத்தின் எல்லைப்புறமாதலால் அஸ்வானில் எப்போதும் பல ஜாதி மக்கள் கலந்து வாழ்ந்திருக்கிறார்கள். மேற்குக் கரைக் குன்றில் குடைந்த கல்லறைகளில் ஒன்று ஹார்கூப் என்னும் அதிகாரியினுடையது. தெற்கே வெகுதூரம் சென்று நடனமாடத் தெரிந்த ஒரு குள்ள மனிதனை அவர் அழைத்து வருகிறார் என்று கேள்விப்பட்ட பாலமன்னன் இரண்டாம் பெப்பி, அவன் படகிலிருந்து தண்ணீரில் விழுந்துவிடாதபடி நம்பகமான ஆட்களைச் சுற்றிலும் நிறுத்தும்படியும், இரவில் பத்துத் தடவை எழுந்து போய்ப் பார்க்கும்படியும் ஆவலோடு எழுதிய கடிதத்தை, ஹார்கூப் தம் கல்லறை முகப்பிலேயே செதுக்கி வைத்துக்கொண்டார். பாரசீகர் ஆண்ட கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலோ எலிபன்டைன் தீவில் யூதப் படைவீரர்கள் குடும்பங்களோடு வாழ்ந்து, தங்கள் கடவுளுக்கு ஒரு கோயிலும் கட்டியிருந்தார்கள். கி.மு. 410-ல் அது இடிக்கப்பட்டது. அவர்கள் அராமிய மொழியில் எழுதிய பாப்பிரஸ் ஏடுகள் மட்டும் மணலுக்குள் பத்திரமாயிருந்தன. அவற்றில் ஒரு கலியாண ஒப்பந்தம், மணப்பெண் கொண்டுவந்த புதுக் கம்பளி ஆடை 8 முழ நீளம், 5 முழ அகலம் என்று விலையோடு குறித்திருப்பதைப் படிக்கும்போது, அந்த வீட்டுக் கூடத்தில் சீர்வரிசையை விரித்துப்போட்டு முழம் போட்டுப் பார்த்த பெரியவர்களை நேரில் காண்பதுபோல் இருக்கிறது.

சுகவாசிகளின் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் தொடங்கிற்று. தாமஸ் குக் கம்பெனியின் நீராவிக் கப்பல்கள் குளிர்காலந்தோறும் விருந்தாளிகளைக் கொண்டுவந்து இறக்கின. 1899-ல் ஆற்றை நோக்கிய பாறைமேட்டில் ‘கேட்டராக்ட்’ ஹோட்டல் எழுந்தது. அகதா கிறிஸ்டியின் நைல் நதிக் கொலைக் கதையில் (1937) வரும் ஹோட்டல் அதுவே. வறண்ட காற்று மூட்டுக்கும் மார்புக்கும் நல்லது என்று வைத்தியர்கள் சொல்ல, அதை நம்பி வந்தவர்களுள் மூன்றாம் ஆகா கான் முக்கியமானவர். கராச்சியில் பிறந்து, இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமாகி, 1937-ல் சர்வதேச சங்கத்தின் தலைமைப் பதவியும் வகித்த அவரை, அடியார்கள் ஒரு விழாவில் பொன்னுக்கும், மற்றொன்றில் வைரத்துக்கும், பின்னொன்றில் பிளாட்டினத்துக்கும் நிறுத்துத் துலாபாரம் கண்டார்கள். இப்படி நிறுக்கப்பட்ட மனிதர் தமக்கென்று கேட்டது இந்த மணற்குன்றில் ஓரிடமே. 1957-ல் காலமான அவரை 1959-ல் மேற்குக் கரையில், பாத்திமிய சிற்பமுறையில் கட்டிய சமாதியில் அடக்கம் செய்தார்கள். அவருடைய பேகம் நாள்தோறும் அங்கே ஒரு சிவப்பு ரோஜா வைக்க ஏற்பாடு செய்திருந்தார்.

இருபதாம் நூற்றாண்டுக் கதையில் மிகப் பெரிய அளவுக்காரர்கள் இன்ஜினீயர்களே. 1902-ல் முதல் அணை முடிந்தது. பின்பு இருமுறை உயர்த்தப்பட்டது. மனிதர் ஹைரோகிளிபிக் எழுத்தில் செதுக்கிய கடைசிக் கல்வெட்டை கி.பி. 394-ல் பெற்ற பிலே தீவின் ஐஸிஸ் ஆலயம், அதன் விளைவாக ஆண்டின் பெரும்பகுதி தண்ணீருக்குள் நிற்க, யாத்ரீகர்கள் தூண்களிடையே படகில் சுற்றினார்கள். 1960-ல் தொடங்கி 1970-ல் முடிந்த உயர் அணையோ 111 மீட்டர் உயரமுள்ளது. அதன் பின்னே தேங்கிய ஏரி 500 கிலோமீட்டர் நீளம். நைலின் வெள்ளத்துக்கு அன்றோடு முற்றுப்புள்ளி விழுந்தது. எலிபன்டைன் படிக்கட்டுக்கு உத்தியோகம் போயிற்று. எண்பதுகளில் எத்தியோப்பியாவில் வானம் பொய்த்தபோது எகிப்து பட்டினியில் விழாமல் காத்தது இந்த ஏரிதான் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பிலே ஆலயத்தை யுனெஸ்கோவின் முயற்சியால் சுமார் 40,000 கற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அளந்து இலக்கமிட்டு, பக்கத்து அகில்கியா தீவை வெட்டித் திருத்திப் பழைய தீவின் வடிவத்துக்குக் கொண்டுவந்து, அங்கே மீண்டும் அடுக்கி, 1980-ல் திறந்து வைத்தார்கள். இன்று பார்ப்பவருக்கு ஒட்டுப்போட்ட சுவடே தெரியாது.

கற்களுக்குக் காட்டிய இந்தச் சிரத்தையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது ஆற்றங்கரையில் வாழ்ந்துவந்த நூபியர் என்னும் மக்களின் கதை. ஏரி விழுங்கவிருந்த ஊர்களிலிருந்து 1963-64-ல் ஏறக்குறைய 50,000 நூபியர்களைக் கிளப்பி, அஸ்வானுக்கு வடக்கே கோம் ஓம்போவை அடுத்த காலனிகளில் குடியேற்றினார்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் பேரீச்ச மரத்துக்கும் நஷ்டஈடு கணக்கிட்டார்கள். வாசலில் நின்றால் நதி தெரிய வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்கில் பத்தி இல்லை. விசாலமான முற்றங்களோடு மண்வீடு கட்டி, முகப்பில் பீங்கான் தட்டுகளைப் பதித்து, வண்ணச் சித்திரம் எழுதி வாழ்ந்தவர்கள், ஆற்றைவிட்டு விலகிய இடத்தில் ஒரே அச்சான வீட்டு வரிசைகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். போன கையோடு அந்த மொட்டைச் சுவர்களையும் தங்கள் வழக்கப்படி அலங்கரிக்க ஆரம்பித்தார்கள் என்பது அம்மக்களின் பெருமை. 1997-ல் அஸ்வானில் திறந்த நூபியா மியூசியத்தில் அவர்களுடைய வீடு, பள்ளிக்கூடம், கலியாணம் எல்லாம் பொம்மை உருவங்களாக அமைந்திருக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லால் ஆன ஆலயம் தன் கோலம் மாறாமல் இடம் பெயர்ந்திருக்க, உயிருள்ள சமூகத்தின் கோலம் கண்ணாடிக்குப் பின்னே போய்விட்டதே என்ற உறுத்தல் எனக்கு வெளியே வந்த பிறகும் தீரவில்லை.

அளப்பது நல்ல காரியம். அஸ்வான் இல்லாவிட்டால் மனிதன் பூமியின் பருமனை அறியவே இன்னும் சில காலம் ஆகியிருக்கலாம். எதை அளப்பது என்று தீர்மானிக்கும் உரிமை, அளக்கப்படுகிறவர்களுக்கும் சிறிதளவேனும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் அபிப்பிராயம். அங்கே போகும் அன்பர்களைக் காலையில் அணைக்கட்டுக்கும், மாலையில், நேரமிருந்தால் மட்டும், மியூசியத்துக்கும் அழைத்துப்போவது வழிகாட்டிகளின் வழக்கம். அந்த வரிசையைத் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். நூபியரின் வாசல்களை முதலில் பார்த்துவிட்டுப் போனால்தான், அணையின்மேல் நின்று காணும் அந்த ஏரி எதன்மேல் நிறைந்திருக்கிறது என்பது விளங்கும்.