கேட்பதில் எத்தனை வகை

பேத்திக்கு இங்கிலீஷில் வீட்டுப்பாடம். 'ஆஸ்க்' என்ற வினைச்சொல்லுக்கு அதே பொருள் தரும் நான்கு சொற்கள் எழுத வேண்டுமாம். "தாத்தா, நீங்க ஆபீஸ்ல இருந்தவங்கதானே, சொல்லுங்க" என்றாள். ரிக்வெஸ்ட், என்கொயர், பெக் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், டிமாண்ட் என்றதும் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு உண்டு.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. பிழைப்புக்குப் புதுச்சேரி போனதால் நான் படித்தது பிரெஞ்சு வழியில். பிரெஞ்சில் கேட்பதற்கு 'துமாந்தே' என்று ஒரு சொல். மணி கேட்டாலும் அதுதான், மன்னிப்புக் கேட்டாலும் அதுதான், பெண் கேட்டாலும் அதுதான். இங்கிலீஷ் 'டிமாண்ட்' அதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் கடல் தாண்டியதும் அதற்குக் குரல் உயர்ந்துவிட்டது. இங்கிலீஷில் அது அதட்டிக் கேட்பது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

எழுபதுகளில் இந்தப் பக்கம் வருவாய்த்துறை ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். மழை பொய்த்த ஒரு வருஷம், கரிசக்காட்டுச் சம்சாரி ஒருவர் மனுக் கொண்டுவந்தார். கிணறு வெட்ட வாங்கிய தக்காவிக் கடனுக்கு அடுத்த வெள்ளாமை வரை தவணை வேண்டும் என்றார். நான் மேலிடத்துக்கு இங்கிலீஷில் குறிப்பு எழுதினேன்: மனுதாரர் தவணை 'டிமாண்ட்' செய்கிறார்.

குறிப்பு திரும்பி வந்தது. தலைமைக் குமாஸ்தா கூப்பிட்டார்.

"தம்பி, டிமாண்ட் சர்க்கார் போடுறது. நம்ம டி.சி.பி. ஸ்டேட்மெண்ட் பாத்ததில்லையா? டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ். சம்சாரி டிமாண்ட் பண்ண முடியுமா? அவரு ரிக்வெஸ்ட்தான் பண்ணணும். எல்லாம் கேக்கிறதுதான். யாரு யாருகிட்ட கேக்காங்கன்னு பாத்து எழுதணும்."

திருத்தி அனுப்பி, பதில் வருவதற்குள், ஜப்திக்குப் பயந்து சம்சாரி உழவுமாட்டை விற்றுவிட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நான் சும்மா கேக்கத்தானய்யா செஞ்சேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் தமிழில் பேச்சுவழக்கில் பலவற்றுக்கும் 'கேட்பது' என்ற ஒரே சொல் போதும். கடன் கேட்கிறோம், விலை கேட்கிறோம், குறி கேட்கிறோம், நியாயம் கேட்கிறோம். பிள்ளை பேச்சுக் கேட்கவில்லை என்கிறோம். வாயால் கேட்பதற்கும் காதால் கேட்பதற்கும் ஒரே சொல்தான்.

சில வருஷம் கழித்து அந்தச் சம்சாரி இறந்துபோன சேதி வந்தது. துட்டி கேட்கப் போனேன். துட்டி கேட்பது என்றால் நாம் எதையும் கேட்பதில்லை. வீட்டார் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவர் மகன், அப்பா மாடு விற்ற வருஷத்தைப் பற்றிச் சொன்னான். ஆபீஸில் யாரோ தப்பாக எழுதியதால் வந்த வினை என்றான். எழுதியது யார் என்று அவர் வீட்டில் சொல்லவே இல்லை போலிருக்கிறது. நானும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பேத்தி நோட்டில் நாலாவதாக டிமாண்டை எழுதிக்கொண்டாள். பொருள் ஒன்றுதான், ஆளைப் பார்த்துப் போடணும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.