ஆளை அனுப்பிவிட்டால் வேலை யாருக்கு?



"வெளிநாட்டுக்காரன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிக்கிட்டான். அவனைத் திருப்பி அனுப்பிட்டா நமக்கு வேலையும் கிடைக்கும், சம்பளமும் ஏறும்!" இந்தப் பேச்சு பல நாடுகளில் ஓட்டு வாங்கித் தருகிறது. 2024 அமெரிக்கத் தேர்தலில் டொனால்ட் டிரம்ப் கொடுத்த பெரிய வாக்குறுதிகளில் ஒன்று இதுதான். உரிய அனுமதி இல்லாமல் அங்கே வசிப்பவர்கள் 2022 தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் என்பது அந்நாட்டு அரசின் மதிப்பீடு.

எங்கள் விடுதிச் சாப்பாட்டு மேசையில் இதைப் பற்றி ஒரு பட்டிமன்றமே நடந்தது. "ஆள் குறைஞ்சா கூலி ஏறும்டா, சப்ளை டிமாண்ட் அவ்ளோதான்" என்றான் ஒரு நண்பன். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்கா இதற்கு நெருக்கமான ஒன்றை ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. அந்தக் கதையில் நம்ம மெக்கானிக்கல்காரர்களுக்குத்தான் முக்கிய வேடம்!

1942 முதல் மெக்சிகோ தொழிலாளர்களை ஒப்பந்தத்தில் அழைத்து வந்து அமெரிக்க வயல்களில் வேலை வாங்கினார்கள். 'பிராசெரோ' திட்டம் என்று அதற்குப் பெயர். உள்ளூர்க் கூலி உயரட்டும் என்று சொல்லி 1964 டிசம்பர் 31உடன் அதை நிறுத்தினார்கள். பிடித்து நாடு கடத்தியதல்ல, ஒப்பந்தத்தை முடித்ததுதான். ஆனாலும் வயலில் லட்சக்கணக்கான ஆட்கள் இல்லாமல் போனார்கள்.

கூலி ஏறியதா? மைக்கேல் கிளெமென்ஸ் முதலிய மூன்று பொருளாதார அறிஞர்கள் பழைய கணக்குகளைத் தோண்டி எடுத்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். மெக்சிகோ ஆட்கள் அதிகம் இருந்த மாநிலங்களிலும் ஒருவர்கூட இல்லாத மாநிலங்களிலும் கூலி ஏறிய வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்!

அப்படியானால் முதலாளி என்ன செய்தார்? இயந்திரம் வாங்கினார். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் லோரென்சன் என்ற பொறியாளர் தக்காளி அறுவடை இயந்திரத்தை வடிவமைத்திருந்தார். ஹன்னா என்பவர் இயந்திரத்தில் அடிபட்டாலும் நசுங்காத, ஒரே சமயத்தில் பழுக்கும் தக்காளி ரகத்தை உருவாக்கியிருந்தார். திட்டம் முடிந்த சில ஆண்டுகளில் அங்கே சாஸுக்குப் போகும் தக்காளி ஏறக்குறைய முழுவதும் இயந்திர அறுவடையாகிவிட்டது. ஸ்ட்ராபெரி, அஸ்பாரகஸ் போல இயந்திரம் இல்லாத பயிர்களிலோ விளைச்சலே குறைந்தது. ஆக, போனவனின் வேலை உள்ளூர்க்காரன் கைக்கு வரவில்லை. ஒரு பகுதி இயந்திரத்துக்குப் போனது, ஒரு பகுதி காணாமலே போனது.

எதிர்க்கட்சியின் பேச்சிலும் உண்மை உண்டு. தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸ் அந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பக்கூடிய ஆள் முதலாளி கையில் இருந்தால், உள்ளூர்த் தொழிலாளி பேரம் பேச முடியாது என்பது நியாயமான வாதம்தானே! ஆனால் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் கூலி உயர்ந்தது எப்படி? 1965இல் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் மெக்சிகோ வம்சாவளியினர் கைகோத்தார்கள். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 1970இல் முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

இது எனக்குத் தூரத்துக் கதை அல்ல. என் அப்பா சவுதியில் வெல்டராக இருந்தார். அனுமதிச் சீட்டை அவருடைய முதலாளி புதுப்பிக்கவில்லை. 2013இல் ஆவணம் சரியில்லாதவர்களுக்கு அந்த அரசு கெடு விதித்தபோது, ஊர் திரும்பிய லட்சக்கணக்கானோரில் அப்பாவும் ஒருவர். "தப்பு பண்ணது முதலாளி, பெட்டி கட்டினது நான்" என்பார். "நான் பார்த்த வேலை அப்படியேதான்டா கிடக்கும். வேற ஒருத்தன் இன்னும் கொறஞ்ச கூலிக்குப் பார்த்துக்கிட்டிருப்பான்."

இன்றும் அமெரிக்கப் பயிர்த் தொழிலாளர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு உரிய அனுமதி இல்லை. 2025 ஜூன் மாதத்தில் டிரம்ப்பே, நல்ல ஆட்களை இழக்கிறோம் என்று விவசாயிகளும் ஓட்டல்காரர்களும் முறையிடுவதைச் சொல்ல வேண்டியதாயிற்று. சட்டத்தை மீறி நுழைவது சரியென்று நான் சொல்லவில்லை. எல்லையைக் காக்க எந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆனால் 'அவனை அனுப்பினால் உனக்கு வேலை' என்ற கணக்குக்கு விடை தப்பாக வருகிறது என்பதே என் வாதம்.

நண்பர்களே! டிப்ளமா முடித்ததும் நம்மில் சிலர் இயந்திரம் செய்யப் போகிறோம், சிலர் பாஸ்போர்ட்டோடு கடல் கடக்கப் போகிறோம். எங்கே போனாலும் பக்கத்தில் நிற்கும் வேற்றூர்க்காரனை முறைப்பதற்கு முன்னால், அவனுக்கும் நமக்கும் கூலியை நிர்ணயிப்பவர் யார் என்று ஒரு நிமிடம் யோசிப்போமா?