கர்ப்பிணிக்குப் படபடப்பா? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். அவள் மகளுக்கு ஐந்தாம் மாதம். இதயத்துடிப்பு தாறுமாறாகும் கோளாறுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மாத்திரை சாப்பிட்டவள். "வயித்துப் புள்ளைக்கு ஆகாதுன்னு வீட்டுல நிறுத்திட்டாங்க சார். பத்து நாளா நெஞ்சு படபடன்னு அடிக்குதாம்" என்றாள். அன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். நாடித்துடிப்பும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை ஏறும். அதனால் லேசான படபடப்பு பலருக்கும் வரும், பெரும்பாலும் பயமில்லை. ரத்தசோகை, தைராய்டு இருந்தாலும் வரும். நம் மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உப்பு வாரினால் இன்னும் கூடும்.

ஆனால் மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். படபடப்பு இருக்கும்போதே இசிஜி எடுத்தால்தான் கோளாறு பிடிபடும். அடங்கிய பிறகு எடுத்தால் 'நார்மல்' என்றே வரலாம். இசிஜி, எக்கோ இரண்டாலும் குழந்தைக்கு ஒரு கெடுதலும் இல்லை.

சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2016 முதல் 2019 வரை, இதயநோயுள்ள பெண்களின் 1,029 கர்ப்பங்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு 60 பேருக்கு நோய் இருப்பதே கர்ப்பமான பிறகுதான் தெரிந்திருக்கிறது! அதிகம் இருந்தது ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப்போன நோய். சின்ன வயதுத் தொண்டைப்புண்ணில் தொடங்குவது அது. வால்வு சுருங்கினால் இதயத்தின் மேலறை தாளம் தப்பித் துடிக்கும். உள்ளே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரைக்கும் போகலாம்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். மெட்டோப்ரோலால் போன்றவற்றைக் கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் கண்காணித்துக் கொடுக்கிறார்கள். அமியோடரோன் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கக்கூடும். ஆகவே கூடியவரை தவிர்ப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரினுக்குப் பதில், முதல் மூன்று மாதம் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதும் உண்டு. எதை மாற்றுவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தாயின் இதயம் தடுமாறினால் குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும்.

இதயக் கோளாறு உள்ள பெண் பிள்ளைகள் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். நமக்குப் புதுச்சேரி ஜிப்மர் பக்கம்தான்.

மாமியார்மார்களுக்கும் படித்துக் காட்டுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.