அம்பாசடரும் ஏழு தவ்வும்

மக்களே, இது கொஞ்சம் கிரீஸ் கறை படிஞ்ச பதிவு. வெள்ளைச்சட்டைக்காரங்க தள்ளி நின்னு வாசிங்க :)

2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டின அந்த மழைதான். தூத்துக்குடியில எங்க தெருத் தண்ணி வடிய ஒரு வாரம் ஆச்சு. அப்பாவோட அம்பாசடர் பானட் வரைக்கும் முங்கிக் கிடந்தது. 84 மாடல் மார்க் ஃபோர், பெட்ரோல். எடைக்குப் போட்டுரலாம்னு நாங்க எல்லாரும் சொன்னோம். அப்பா மட்டும், "எஞ்சினைத் திறந்து பாக்காம பேசாதீங்கல"ன்னுட்டார். செல்ஃப் அடிக்கவும் விடலை. அது சரிதான். சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா அமுங்காது, கனெக்டிங் ராடு வளைஞ்சிரும்.

இங்க ஒரு பழைய கதை சொல்லணும். இந்த வண்டியை அப்பா 87-ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். (எங்க ஊர்ல 1961-ல கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரைக்கும் சிப்பியை மூடினபடியேதான் ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே என்ன இருக்குன்னு எடுத்தவன் தலையெழுத்து. பழைய எஞ்சினும் அப்படித்தான்.) 96-ல சித்தப்பா ஒரு கல்யாண வேலைக்காக ஒரு வாரம் வண்டியை வாங்கிட்டுப் போனார். திரும்பி வந்தப்போ சைலன்ஸர்ல நீலப்புகை. "ஆயில் பாக்காம ஓட்டி எஞ்சினைக் கொன்னுட்டான்"னு அப்பா சொல்ல, "நான் தினமும் ஆயில் பாத்தேன்"னு அவர் சொல்ல... ரீபோர் செலவோட அண்ணன் தம்பி பேச்சும் முடிஞ்சது. என் கல்யாணத்துக்குக்கூட சித்தப்பா வந்து சாப்பிட்டுட்டு மேடை ஏறாமப் போயிட்டார்.

2024 பொங்கல் கழிஞ்சு, மூணாவது மைல் பக்கம் ஒரு பட்டறையில பிளாக்கை இறக்கினோம். சம்ப் நட்டைக் கழட்டினதும் முதல்ல தண்ணி, அப்புறம் பால் விட்ட காபி மாதிரி ஆயில். ஹெட்டைத் தூக்கினா மூணாவது சிலிண்டர்ல வால்வு திறந்த வாக்குல நின்னிருக்கு. சுவர் முழுக்க துரு. பிஸ்டன் தலையில 030ன்னு முத்திரை. அதாவது 96 ரீபோர்ல 30 தவ் பெருசாக்கினது. தவ்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு.

கம்பெனி போர் 73.025 மில்லிமீட்டர். இது என்னடா நம்பர்னு யோசிக்காதீங்க. வெள்ளைக்காரன் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போட்ட எஞ்சின், அவன் கணக்குல ரெண்டே முக்காலே அரைக்கால் அங்குலம்.

மெக்கானிக் அண்ணாச்சி போர் கேஜைத் தொடவே இல்லை. ஒரு பழைய ரிங்கை எடுத்து சிலிண்டர் அடியில வச்சு, பிஸ்டனைக் கவுத்தித் தள்ளி நேராக்கி, ரிங் வாயில ஃபீலர் கேஜை விட்டார். 13 தவ். அதே ரிங்கை மேலே, ரிங் ஓடுற உச்சியில வச்சார். 35. "வித்தியாசம் 22. அதை மூணே சொச்சத்தால வகுங்க தம்பி. ஏழு தவ் தேஞ்சிருக்கு" என்றார். வட்டத்தோட சுற்றளவு! எட்டாங்கிளாஸ் பை கணக்குக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்குன்னு எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லலை. பிறகு போர் கேஜ் போட்டும் பார்த்தோம். ஏழேதான். நாலு சிலிண்டர்லயும் அடியில தேய்மானம் ஒண்ணுமில்லை, உச்சியில மட்டும் நல்ல தேய்மானம்.

அடுத்து கிராங்க். மூணு மெயின் பேரிங்கையும் கழட்டி, ஷெல்லைத் திருப்பினார். முதுகுல 'ஸ்டாண்டர்ட்'னு இருந்தது. மைக்ரோமீட்டர் வச்சா ஜர்னலும் கம்பெனி சைஸ்.

"கிராங்க்ல எவனும் கை வைக்கலையே. ஆயில் இல்லாம இந்த எஞ்சின் ஓடினதே இல்லை. ஓடியிருந்தா முதல்ல பேரிங் பிடிச்சு ஜர்னல்ல கோடு விழும், கிராங்கை கிரைண்டிங் பண்ணாம ஆகாது" என்றார் அண்ணாச்சி. அவருக்கு எங்க வீட்டுக் கதை எதுவும் தெரியாது. அப்பா ஸ்டூல்ல உக்காந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பலை.

"அப்ப போர் மட்டும் ஏன் தேயுது?"ன்னு நான்தான் கேட்டேன்.

"தூசி. உச்சியில ஆயில் கம்மி, சூடு ஜாஸ்தி. அங்க தூசி போனா பேஸ்ட் போட்டுத் தேய்ச்ச மாதிரிதான். ஐயா, ஏர் கிளீனர் கிண்ணத்துல ஆயில் எப்ப மாத்துவீங்க?"

எங்க வண்டியில இருந்தது ஆயில் பாத் கிளீனர். உறிஞ்சுற காத்துல இருக்கிற தூசி அந்த ஆயில்ல ஒட்டிக்கணும்.

அப்பா ரொம்ப நேரம் கழிச்சு, "அதுல ஆயில் ஊத்தினா கர்புரேட்டருக்குள்ள இழுத்துரும்னு ஒருத்தன் சொன்னான். வாங்கினதுலேர்ந்தே ஊத்துறதில்ல" என்றார்.

வாங்கினது 87. ஓடினதோ முத்தையாபுரம் உப்பளத்து மண்பாதையிலயும், நிலக்கரி லாரிகள் போற ஹார்பர் ரோட்டுலயும். 96-க்கு அப்புறம் சாவியை யாருக்கும் அவர் கொடுத்ததில்லை. அப்போ இந்த ஏழு தவ் யாரோடது? முன்னாடி தேஞ்சதும் இப்படித்தானா? அந்த இரும்பை 96-லயே செதுக்கி எறிஞ்சாச்சு, கேக்க முடியாது. ஆனா கிராங்க் அப்படியே இருக்கே.

துரு குழி 40 சைஸ் போட்டாலும் போகாத ஆழம். அதனால நாலு சிலிண்டருக்கும் ஸ்லீவ் அடிச்சு, பழையபடி ஸ்டாண்டர்ட் பிஸ்டன். மாசி மாசம் வண்டி வீட்டுக்கு வந்தது. ஏர் கிளீனர்ல அப்பாவே ஆயில் ஊத்தினார், கோடு வரைக்கும், குனிஞ்சு பார்த்துப் பார்த்து.

சித்தப்பாவுக்கு நான்தான் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"கிராங்க் ஸ்டாண்டர்டாவா இருக்கு?"

"ஆமா சித்தப்பா."

"நல்லா பாத்தியால? அளந்து பாத்தாங்களா?"

"அளந்தாங்க சித்தப்பா."

"அண்ணன் பக்கத்துல இருந்தானா?"