சுவரில் ஒட்டும் அமல் அட்டவணை



ரமளான் நெருங்கும்போது நம் இல்லங்களின் சுவர்களில் கட்டமிட்ட தாள்கள் தோன்றத் தொடங்குகின்றன. ஐவேளைத் தொழுகை, குர்ஆன் ஓதுதல், திக்ரு, தர்மம், பெற்றோருக்குப் பணிவிடை எனப் பிள்ளைகளின் அன்றாடப் பழக்கங்களைக் குறித்து வைக்கும் அமல் அட்டவணைகள் அவை. மயிலாப்பூரில் எம்மிடம் மாலையில் ஓத வரும் பிள்ளைகளின் பெற்றோர், இவை நன்மை பயக்குமா, முகஸ்துதியில் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்று கேட்கின்றனர்.

தன்னைத் தானே கணக்குப் பார்க்கும் முஹாஸபா நம் மார்க்கத்திற்குப் புதியதன்று. நாளைக்கென எதை முற்படுத்தி வைத்தோம் என்று ஒவ்வோர் ஆன்மாவும் நோக்க வேண்டும் என்பது ஸூரத்துல் ஹஷ்ரின் 18ஆம் வசனம் தரும் கருத்து. ஹிஜ்ரி 505இல் (கி.பி. 1111) மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் இதற்கென ஒரு தனிப்பகுதியே ஒதுக்கி, ஆறு படிகளாக விளக்கினார்கள். காலையில் நஃப்ஸிடம் நிபந்தனை, பகலில் கண்காணிப்பு, பின்பு கணக்கு, குறைக்குத் தண்டனை, கடும் முயற்சி, கண்டிப்பு என்பன அவை. வணிகர் தம் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதை அதற்கு உவமையாக்கினார்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஷட்டரை இறக்குமுன் கல்லாவை எண்ணி முடிப்பதைக் கண்டோருக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

அமெரிக்கரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் 13 நற்பண்புகளை வரிசைப்படுத்தி, கிழமைக்கொன்றாக 7 பத்திகள் வரைந்து, தவறிய இடத்தில் கரும்புள்ளி இட்டார். ஆயினும் அது அவருடைய சிறு கையேட்டில் இருந்தது, சுவரில் அன்று. இவ்வேறுபாடே முக்கியமானது.

எம் இல்லத்தில் நால்வர். ஒருவருக்கு வாரம் 35 வேளைத் தொழுகை. நால்வருக்கும் 140 கட்டங்கள். கூடத்தில் ஒட்டுவதைப் பற்றிப் பேசியபோது எம் துணைவியார் ஒன்று கேட்டார்: "மகள் பெரியவளாகிவிட்டாள். தொழுகை இல்லாத நாட்களில் அவள் கட்டங்கள் வெறுமையாக இருக்குமே. தம்பியும் பார்ப்பான், வருகிற விருந்தினரும் பார்ப்பார்களே?"

அந்நாட்களில் தொழாதிருப்பது குறையன்று, அதுவே கீழ்ப்படிதல். விடுபட்ட நோன்பைப் பின்னர் கழாச் செய்ய வேண்டும்; தொழுகைக்குக் கழாவும் இல்லை. ஆனால் அட்டவணைக்கு அந்த ஃபிக்ஹு தெரியாது. வெற்றுக் கட்டத்தை அது குறையென்றே காட்டும். வெட்கத்தால் பிள்ளை பொய்யாகக் குறியிட்டால், தொழுகைக்கென வரைந்த தாளே பொய்யைப் பழக்கிவிடும்.

எனவே தனியொருவரின் கடமைகள் அவரவர் குறிப்பேட்டிற்கு உரியவை என முடிவு செய்தோம். குடும்பம் சேர்ந்து செய்பவை மட்டும் சுவருக்கு: அலைபேசியை ஒதுக்கிவிட்டு ஒன்றாக அமர்ந்து உண்பது, அடையாற்றில் வசிக்கும் நன்னியை நலம் விசாரிப்பது, குர்ஆனை ஓதி முடிப்பது. மதீனா அச்சுப் பிரதியில் 604 பக்கங்கள். நாளொன்றுக்கு 20 பக்கங்கள் எனில் ஏறத்தாழ ஒரு மாதம். 30 ஜுஸ்வுக்கு 30 கட்டங்கள் வரைந்து, யார் எவ்வளவு ஓதினார் என்ற பெயரின்றிப் பச்சை வண்ணம் தீட்டுகிறோம்.

குறிப்பேட்டின் பயன் மதிப்பெண்ணில் இல்லை. எம் ஒன்பது வயது மகனுக்குத் தொழுகை இன்னும் கடமையாகவில்லை, பழக்கமே நோக்கம். ஐந்து வாரப் பக்கங்களைப் புரட்டியவன் தானே சொன்னான்: "அத்தா, திங்கட்கிழமை சுப்ஹுதான் எனக்கு விட்டுப்போகிறது. ஞாயிறு ராத்திரி தூங்க நேரமாகிவிடுகிறது." அதன்பின் ஞாயிறு உறவினர் வீட்டுப் பயணங்களை மஃரிபுக்கு முன்பே முடித்துக்கொள்கிறோம். ஏச்சு செய்யாததைக் கட்டங்கள் செய்தன.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்பது அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்த நபிமொழியின் கருத்து. அட்டவணை வரைய விரும்பும் பெற்றோர், இதை யார் பார்ப்பார்கள் என்று முதலில் எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளையின் மானத்தைக் காப்பதும் ஓர் அமலே.

கணக்குக் கேட்கப்படும் நாளுக்கு முன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.