யாரும் சொல்லாத காசு

எங்க அண்ணன் பன்னிரண்டாவது பாசானது 2002இல். காலனியில் அந்த வருஷம் பாசான ஒரே ஆள் அவன்தான். டவுனில் அரசுக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. கட்ட வேண்டிய பணம், தங்க, தின்ன, பஸ்ஸுக்கு என்று கணக்குப் போட்டுப் பார்த்த எங்கப்பா, ஆண்டை வீட்டுக்குப் போய் நின்றார். "உம்புள்ள படிச்சி இன்னாடா பண்ணப் போறான், கழனிக்கு ஆளு இல்லாம கெடக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டார் அந்த ஆள். கடைசித் தேதி போயிற்று. அந்த மார்கழியில் அண்ணன் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போனான். இன்றைக்கும் வெட்டுகிறான்.

பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ஏதோ பணம் வந்தது உண்மை. "எஸ்.சி. எல்லாம் எழுந்து நில்லு" என்பார்கள். மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்க எழுந்து நிற்க வேண்டும். எண்ணிக்கொண்டு உட்காரச் சொல்வார்கள். அது பள்ளிக்கூடத்தோடு முடிகிற காசு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். கல்லூரிக்கும் உண்டு, தங்கிப் படிக்க அரசு விடுதி உண்டு என்பதை எழுந்து நிற்கச் சொன்ன வாய் ஒன்றும் சொல்லவில்லை. அந்த உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலம் அது. அண்ணன் பாசானபோது அதற்கு 58 வயசு. அத்தனை வருஷமாகியும் ஊரைத் தாண்டிச் சேரிக்கு வந்து சேரவில்லை.

எனக்குச் சொல்ல ஆள் இருந்தது. 2006இல், வேறொரு சேரியிலிருந்து வந்த தமிழாசிரியர் என்னைக் கூப்பிட்டு, ஆதி திராவிடர் மாணவியர் விடுதிக்கு அவரே மனு எழுதிக் கொடுத்தார். அந்த விடுதியைப் பற்றிப் பெருமையாக எழுத எனக்கு வராது. பத்துப் பேர் படுக்கிற அறையில் இருபத்திரண்டு பேர் படுத்தோம். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். மோட்டார் கெட்டால் தெருக்குழாய்க்குக் குடத்தோடு போக வேண்டும், பையன்கள் நின்று பார்ப்பார்கள். ஆனால் எனக்குத் தெரிந்த அத்தனையும் அங்கேதான் தெரிந்தது. ராத்திரி விளக்கணைத்த பிறகு அக்காமார்கள் சொல்வார்கள்: "ஒரிஜினல யார் கேட்டாலும் குடுக்காதடி, நகல் குடு." "ஒங்கப்பா பேரு ரேஷன் கார்டுல ஒரு மாதிரி, டி.சி.ல ஒரு மாதிரி இருக்குது பாரு, இப்பவே மாத்திக்க." எந்த அலுவலகப் பலகையிலும் எழுதாத படிப்பு அது.

பிறகு எம்.ஏ. தமிழ் படித்தேன். கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் பள்ளி திறந்தது, அயோத்திதாசர், ரெட்டமலை சீனிவாசன் என்று நம் மூதாதைகளைப் பற்றிப் படித்தேன். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசவும் செய்தேன். கைதட்டினார்கள். நன்றாகத்தான் இருந்தது.

2019 மே மாதம், தேர்வு முடிவு வந்த பிறகு, எங்கள் தெருவுக்கு ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறான். கையில் நோட்டீஸ். "எஸ்.சி. பிள்ளைங்களுக்கு கவர்மெண்ட்டே பணம் கட்டுது, வருஷ வருமானம் ரெண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா போதும், ஒரு ரூபா வேணாம்" என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து விளக்கியிருக்கிறான். அவன் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் தெருவுக்கு வந்து உதவித்தொகையைப் பற்றிச் சொன்ன முதல் மனுஷன் ஒரு கல்லூரிப் புரோக்கர். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி.

என் சின்னம்மா மகளின் ஒரிஜினல் சான்றிதழ்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்விட்டான். சேர்ந்த பிறகு அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று கேட்டார்கள். கட்ட முடியாது, நிற்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பை நகலெடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்க்கவே இல்லை. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்து, திரும்பவும் கொடுத்து, காகிதம் கைக்கு வர இரண்டு மாசத்துக்கு மேல் ஆயிற்று. அரசுக் கல்லூரியில் சேர்க்கை முடிந்திருந்தது. அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று. அடுத்த வருஷம்தான் சேர்ந்தாள்.

அந்தப் புரோக்கரைத் திட்டிக்கொண்டே சின்னம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சின்னம்மா கேட்டாள்: "ஏம்மா, நீ படிச்சவ. மைக்குல பேசற. எங்கூட்டுக்கு வந்து நீ சொன்னியா? அவன்தான வந்தான்."

என்ன பதில் சொல்வது? நான் அந்த மே மாதம் இரண்டு ஊர்களில் தலித் கல்வி பற்றிப் பேசியிருந்தேன். சின்னம்மா வீடு என் வீட்டிலிருந்து நான்காவது வீடு.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பேத்கர் மன்றத்துத் திண்ணையில் உட்காருகிறேன். விடுதி அக்காமார்கள் சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன், கொஞ்சம் மாற்றி. சாதிச் சான்று, வருமானச் சான்று இப்போது இ-சேவை மையத்தில் போட வேண்டும். உதவித்தொகை பிள்ளையின் பேரில் உள்ள வங்கிக் கணக்குக்கே வருகிறது. கணக்கில் ஆதாரை இணைக்காமல் விட்டால் வராது. மாதா கோவிலுக்குப் போகிற குடும்பம் என்றால் சான்றிதழில் பிற்படுத்தப்பட்டோர் என்று இருக்கும், அதனால் இந்தக் காசு உனக்கில்லை என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து விரட்டுவார்கள். மதம் மாறிய ஆதி திராவிடருக்கும் தமிழக அரசு உதவித்தொகை தருகிறது, திரும்பிப் போய்க் கேள் என்று அனுப்பி வைப்பேன். சில பேர் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை வருவார்கள். சலிப்பு வரும். எரிந்து விழுந்ததும் உண்டு.

போன வருஷம் அண்ணன் வந்தான். அவன் மகள் பன்னிரண்டாவது பாஸ். பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து, மடிப்பை நீவி நீவிக் கொடுத்தான். விரலெல்லாம் கரும்புச் சோகை அறுத்த தழும்பு. நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எப்பத்துலேந்துமா குடுக்கறாங்க?" என்று கேட்டான்.

போட்டோவுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தேன். "கொஞ்ச நாளாதாண்ணா" என்று சொன்னேன்.