மொட்டை மாடியில் கர்லாக்கட்டை

கிண்டி ரேஸ்கோர்ஸின் 160 ஏக்கர் சொச்சம் நிலத்தை 2024 செப்டம்பரில் அரசு மீட்டபோது ஊரே குதிரைகளைப் பற்றிப் பேசியது. அந்த ஓடுதள வளையத்துக்குள்ளேயே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானமும் இருந்தது பலருக்குத் தெரியாது. எனக்கும் சேலையூர் நண்பன் சொல்லித்தான் தெரிந்தது. பேச்சோடு பேச்சாக, "எங்க தெருவுல ஒருத்தர் இருக்கார். ரொம்ப வருஷம் கோல்ஃப் கிரவுண்டுல பை தூக்கினவர். இப்ப கோல்ஃப் ஆடுற பசங்களுக்குக் கர்லாக்கட்டை சொல்லித்தர்றார், வந்து பாரேன்" என்றான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் கேம்ப் ரோடு போய், தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி அந்த மொட்டை மாடிக்கு ஏறினேன். ஒன்பது பிள்ளைகள், கொடியில் காயும் துணி, சுவரோரம் வரிசையாகச் சாத்திவைத்த கட்டைகள். புல் என்று பார்த்தால் தொட்டியில் இருந்த துளசி மட்டும்தான்.

அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. பிள்ளைகளுக்கு 'மாஸ்டர்'. "கேடியா இருந்தேன் சார்" என்றவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பொண்ணு பார்க்கப் போன இடத்துல இதே வார்த்தையைச் சொல்லிட்டேன். மாமனார் எழுந்து உள்ளே போயிட்டார்." கேடி என்றால் நமக்குப் போலீஸ் பதிவேட்டில் இருக்கிற ஆள்தானே. மைதானத்தில் அது, பதினான்கு மட்டைகள் வரை இருக்கும் பையைச் சுமந்து ஆட்டக்காரர் பின்னால் மைல் கணக்கில் நடப்பவரின் பெயர்.

"எல்லாரும் பந்தைப் பார்ப்பாங்க. எனக்குப் பந்து வேண்டாம், காலைப் பார்த்தே அது எங்க போய் விழும்னு சொல்லிடுவேன்" என்றார். வீசி முடித்தபின் எடை முழுவதும் முன்காலுக்கு வந்து, ஆள் அசையாமல் மூன்று எண்ணும் வரை நிற்க வேண்டும். நிற்க முடியாதவர் வீச்சின் நடுவிலேயே எங்கோ தடுமாறிவிட்டார் என்று அர்த்தம். வருஷக்கணக்காக அடுத்தவர் கால்களைப் பார்த்துப் பார்த்து வந்த படிப்பு அது.

முதலில் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு. பார்க்கச் சுலபமாக இருந்ததால் நானும் நின்றேன். நான்காவது நொடியில் துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டேன். கண் திறந்திருக்கும்போது உடம்பு அதை நம்பியே நிற்கிறது. மூடினால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் பாதமும் கணுக்காலும்தான் துணை. அதன்பின் குப்புறப் படுத்து முழங்கையில் உடம்பைத் தாங்குவது, மல்லாந்து எதிர்க்கை எதிர்க்காலை நீட்டுவது என்று ஏழெட்டு. அவற்றை நான் குறித்துக்கொள்ளவில்லை; கண் கட்டைகள் மேலேயே இருந்தது.

கர்லாக்கட்டையின் கனம் கைப்பிடியில் இல்லை, தூரத்து முனையில் இருக்கிறது. அதனால் ஒரு கிலோ கட்டை தோளைத் தாண்டி முதுகுக்குப் பின்னே விழும்போது மூன்று கிலோவாக இழுக்கிறது. அந்த இழுப்புக்கு உடம்பு சாயாமல் வயிறும் இடுப்பும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். கோல்ஃப் வீச்சிலும் இதே கதைதான்: இடுப்பு முதலில் திரும்பும், தோள் பின்னால் வரும், கை கடைசி. கையால் மட்டும் அடிக்கிற பிள்ளை சீக்கிரமே இடுப்பு வலிக்குது என்று உட்கார்ந்துவிடும். கோல்ஃப் ஆடுபவர்களை அதிகம் படுத்துவது கீழ்முதுகு வலி. ஒரே பக்கம் ஆயிரக்கணக்கில் திரும்புகிற ஆட்டம் என்பதால், வலது எத்தனையோ இடதும் அத்தனை என்று எண்ணிச் சுற்றவைக்கிறார்.

ஒரு பையன், பதின்மூன்று இருக்கும், கட்டையைத் தன் முட்டியிலேயே இடித்துக்கொண்டான். "ஆறு மாசத்துல மடமடன்னு வளர்ந்துட்டான். கை நீண்டுபோச்சு, மூளைக்கு இன்னும் தகவல் போகலை" என்றார் மாஸ்டர். அவனுக்கு மட்டும் பழைய அரைக்கிலோ கட்டையையே திருப்பிக் கொடுத்தார். அவமானப்பட்டானோ என்று பார்த்தேன். இல்லை, நிம்மதியாக வாங்கிக்கொண்டான்.

இந்தக் கட்டையை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கிருந்து கொண்டுபோய் 'இந்தியன் கிளப்' என்று பெயர் வைத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கட்டை சுழற்றுவதும் ஒரு போட்டி, கோல்ஃபும் ஒரு போட்டி. கோல்ஃபில் தங்கம் வென்ற கனடாக்காரர் ஜார்ஜ் லயனுக்கு 46 வயது. பரிசு வாங்கக் கைகளை ஊன்றித் தலைகீழாக நடந்து போனார் என்பார்கள். மாஸ்டரிடம் சொன்னேன். "அவருக்கு அடிவயிறு பலம்" என்றார், நேரில் பார்த்தவர் போல.

கட்டைகள் முடிச்சூர் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் இருந்து வருகின்றன. அங்கேயும் போனோம். கடைசல்காரர் வாகைக் கட்டையை லேத்தில் மாட்டி உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக என் சட்டையில் வந்து ஒட்டியது. அளவுகோலை எடுக்கவே இல்லை. நிறுத்துவார், உள்ளங்கையால் கழுத்தைத் தடவுவார், மறுபடி ஓட்டுவார். மரத்தோடு சேர்த்து ஒரு கட்டைக்கு அவருக்குக் கிடைப்பது முந்நூற்றைம்பது ரூபாய். மொத்தமாக வாங்கிப்போகிற ஒருவர் அதையே வார்னிஷ் பூசி, 'பாரம்பரியம்' என்று சீட்டு ஒட்டி, இணையத்தில் ஆயிரத்து அறுநூறுக்கு விற்கிறார். பாரம்பரியம் உளி பிடித்த கையில் இருக்கிறதா, சீட்டு ஒட்டிய பசையில் இருக்கிறதா? பை தூக்கியவருக்கும் இதே கணக்குதான்: பயிற்சி முகாம்களுக்கு ஆள் பிடித்துத் தருபவர் பெற்றோரிடம் மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, இவருக்குக் காலை டிபனும் பஸ் காசும் கொடுத்தாராம். இதற்கு மேல் எழுதினால் எனக்குக் கோபம் வரும், கடைசல்காரருக்கு வரவில்லை. ஆயிரத்து அறுநூறு என்று கைப்பேசியில் காட்டியபோது, "படம் நல்லா எடுத்திருக்கான்" என்றார்.

கோல்ஃப் மைதானத்தை அவர் பார்த்ததில்லை. மாஸ்டர் தன் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து அவர் கையில் வைத்தார். உள்ளங்கையில் இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு இருக்கும், அம்பது கிராமா?"

"நாற்பத்தாறுக்கு உள்ளேதான் இருக்கணும். ரூல்."

"இதை அடிக்கவா எங்கிட்ட ஒரு கிலோவுல கட்டை கேக்கிறீங்க?" என்று சொல்லிவிட்டு லேத்தை ஓடவிட்டார்.